குச்சி நட்ட இடம்

நட்ட குச்சி தானாக நடந்து போகாது என்பது முதலாளி மரியஅந்தோணியின் கட்சி. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கூடலூர் பஸ் நிலையத்துக்கு மேலே தகரக் கூரை போட்ட அந்த ஆபீஸில் கரண்ட் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு அளவுத் தாள்களையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தபடி, பேச்சுவாக்கில்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் ரஞ்சனிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இது நீ அளந்தது. இது நேத்து நானும் ஒச்சப்பனும் அளந்தது. ரெண்டும் ஒரே செவுருதானே அம்மிணி?"

"ஆமாங்க சார்."

"அப்பறம் எப்படிங்க இது இம்புட்டுப் பெருசாச்சு?"

ரஞ்சனி தாள்களை வாங்கிப் பார்த்தாள். நீளத்தில் பெரிய வித்தியாசமில்லை. உயரத்தில்தான் இடித்தது. தடுப்புச் சுவரில் உயரம் கொஞ்சம் கூடினால் அடி அகலமும் கூடவே கூடும், அஸ்திவாரமும் இறங்கும், கல்லின் கணக்கு எங்கோ போய் நிற்கும். அவள் போட்ட எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு இவர் அளந்த சுவரைக் கட்டினால் பாதியிலேயே கல் தீர்ந்துவிடும்.

"குச்சி எங்க சார் இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சா? நீ நட்டது, என்னையக் கேக்கறியே. சரிவோட விளிம்புல இருந்துச்சு. எட்டிப் பாத்தா ஓடை தெரியுது."

அவள் விளிம்பில் நடவில்லை. கொல்லையின் நடுவில், வீடுகளை ஒட்டித்தான் நட்டாள். நட்டாளா? நட்டதாகத்தான் ஞாபகம். சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஆணி. சைட் ஆள் ஒச்சப்பன் சம்மட்டியால் அடிக்க அடிக்க, அவள் டேப்பை மறுபடி மறுபடி நீட்டிப் பார்த்தாள். "பாப்பா, இது தாலி கட்டுற முகூர்த்தம் இல்ல, இம்புட்டு தடவையா பாப்பாங்க?" என்று அவன் கேலி செய்தது வரைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் மரியஅந்தோணி இப்படித் தணிந்த குரலில் கேட்கும்போது, அந்த நினைவே யாரோ சொல்லிக் கேட்டது மாதிரி ஆகிவிட்டது.

"அடையாளத்துக்குக் குழி தோண்டினமே சார், கெட்டி மண்ணு பாக்க? குச்சி அந்தக் குழிகளை ஒட்டித்தான் இருக்கணும்."

"குழியே இல்லையே அங்க."

"ஃபோட்டோ எடுத்திருக்கேங்க சார்."

போனைத் திறந்து நீட்டினாள். மூடுபனியில் எடுத்த படங்கள். கறுப்பாக ஒரு குழி, அடுத்த படத்தில் இன்னொரு குழி. எல்லாக் குழியும் குழி மாதிரியே இருந்தது. எந்த இடத்துக் குழி என்று சொல்ல ஒரு சுவரோ மரமோ எதிலும் இல்லை. மரியஅந்தோணி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தோட்டத்து ஆபீஸ்ல கேக்கறாங்க அம்மிணி. அளந்த புள்ள அந்த லயத்துப் புள்ளதானேன்னு. ஆமான்னேன். அதுக்கு மேல அவிங்க ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல." தாள்களை மடித்தார். "ஒண்ணு உனக்கு அளக்கத் தெரியல. இல்லையின்னா நல்லாவே தெரிஞ்சிருக்கு. ரெண்டுல எதுன்னு திங்கக்கிழமை காலையில சொல்லு. அன்னைக்குத் தாள் போயாகணும்."

ரஞ்சனி இந்த ஆபீஸுக்கு வந்தது சைட்டில் சிமென்ட் மூட்டை எண்ணுகிற வேலைக்கு. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் முதலாளி கவனத்துக்கு வந்தது. பிறகு ஆபீஸில் உட்கார வைத்தார். அவர் போட்ட எஸ்டிமேட்டுகளைத் திருத்தமாக எழுதும் வேலை. சாயங்காலம் கூடலூரிலேயே ஒரு வகுப்பில் சேர்ந்து, கட்டட அளவு எடுப்பதையும் அதைக் கம்ப்யூட்டரில் போடுவதையும் படித்தாள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கான சுவர்தான் முதல் முதலில் அவள் பொறுப்பில் முழுதாக விட்ட வேலை. "எங்க லயம் சார், வேற யாருக்காச்சும் குடுங்க" என்று அப்போதே சொன்னாள். "அதுனால என்ன, இடம் தெரிஞ்சவ. இது நல்லா அமைஞ்சா நீதான் நம்மளுக்கு எஸ்டிமேட்டர்" என்றார். எஸ்டிமேட்டர் என்கிற சொல்லை அன்றைக்கு பஸ்ஸில் தேவாலா வந்து சேருகிற வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இன்றைக்கும் அதே பஸ்தான். வகுப்பில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கூரைச் சாய்வைப் பற்றி ஏதோ நடத்தினார்கள். ஜன்னல் கண்ணாடியில் சாரல் வழிந்தது. முன் சீட்டில் இரண்டு பேர் மலையாளமும் தமிழுமாகக் குறுமிளகு விலை பேசிக்கொண்டு வந்தார்கள். முதலாளி தன்னைச் சந்தேகப்படுகிறார் என்பதைவிட, தானே தன்னைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் அவளை அரித்தது. டேப்பைத் தலைகீழாகப் பிடித்தோமோ? இல்லை, சொந்த வீடு என்று கை தன்னையறியாமல் ஒரு பக்கம் இழுத்ததோ?

லயம் ஒரு மேட்டின் விளிம்பில் இருந்தது. வரிசையாக ஓட்டு வீடுகள். பின்னால் கொஞ்சம் கொல்லை. அதைத் தாண்டினால் சரிவு, கீழே ஓடை. அந்தக் கொல்லையில்தான் பீன்ஸ், முள்ளங்கி, கோழிக்கூண்டு, குளியலறை, ஆளுக்கொரு மேரக்காய்ப் பந்தல். போன மழையில் ஒரு காலை ரேணுகா வீட்டுக் குளியலறை, வாளி சோப்போடு ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே யாரும் இல்லாதது நல்ல காலம். அப்புறம்தான் தோட்டத்து நிர்வாகம் தடுப்புச் சுவர் என்று அசைந்து கொடுத்தது.

ரஞ்சனி குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்தபோது குழாயடியில் ரேணுகாவும் கருப்பம்மாவும் நின்றார்கள். பேசிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது.

"என்னா புள்ள, லேட்டு?" என்றாள் கருப்பம்மா. லயத்திலேயே வயதில் மூத்தவள். சிலோன் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவள்.

"கிளாஸ் பெரியம்மா."

"படி, படி. எல்லாத்தையும் அளக்கப் படி."

ரேணுகா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "எங்க பாத்ரூமு போன எடத்தையும் அளந்துட்டியாமே. அதுக்கு வெளியில செவுரு வருமா, உள்ள வருமா?"

"உள்ளதான் அக்கா வரும். வெளிய மண்ணு நிக்காது."

"ஆங். நிக்காது." ரேணுகா கருப்பம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கியது போல இருந்தது.

வீட்டில் அம்மா ஜானகி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவில் தேங்காய் துருவிப் போட்டுக் கல்லில் கனமாகச் சுடுகிற ரொட்டி. தொட்டுக்கொள்ள இடித்த சம்பல், மேரக்காய்க் கூட்டு. அப்பா தங்கவேலு பேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து, காதுக்கு மேல் மப்ளரோடு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். தேயிலைத் தூள் வாசனை அவர் சட்டையிலிருந்து எந்தக் காலத்திலும் போனதில்லை.

"உங்க மொதலாளி நேத்து வந்தாரு," என்றாள் ஜானகி, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். சீனி கம்மியாப் போடுங்கன்னாரு. தன்மையான மனுசன்."

"அளந்தாராமே."

"அளந்தாரு. அந்த ஒச்சப்பன் டேப்ப புடிச்சான்."

"குச்சி எங்கம்மா இருந்துச்சு?"

"குச்சி இருக்கிற எடத்துல இருந்துச்சு."

தங்கவேலு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். தேவைக்கு அதிகமாக மென்றார்.

"அப்பா, நீங்க பாத்தீங்களா?"

"எனக்கு ஷிப்ட்டு."

"லீவு நாள்ல?"

"லீவு நாள்ல எவன் கொல்லைக்குப் போறான். அட்டை கடிக்குது."

ரஞ்சனி எழுந்து பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். சாரலுக்குள் மேரக்காய் இலைகளின் அடியில் சிவப்புத் தலைகள் தெரிந்தன. தினமும் ராத்திரி வந்ததும் இப்படித்தான் பார்த்திருக்கிறாள். குச்சி இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை. இப்போதும் இருட்டில் தூரம் பிடிபடவில்லை.

"கதவைச் சாத்து. குளிரு வருது," என்றாள் ஜானகி.

மறுநாள் ஞாயிறு. விடிந்தும் விடியாமல் அவள் பின்னால் போனாள். மழை விட்டிருந்தது, பனி மட்டும் ஓடையிலிருந்து ஏறி வந்து பந்தல்களில் தொங்கியது. அட்டை ஏறாமல் இருக்கக் கால் விரல்களுக்கு உப்புத் தடவிக்கொண்டு, குச்சிகளை ஒட்டி நடந்தாள். முதலாளி சொன்னது சரி. எல்லாம் விளிம்பில் நின்றன. கடைசிப் பந்தலுக்கும் கடைசிக் கோழிக்கூண்டுக்கும் வெளியே.

அவளை முதலில் திகைக்க வைத்தது அது இல்லை. கோடு நேராக இருந்தது. ஒரு முனையில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முதல் குச்சிக்குப் பின்னால் மற்ற எல்லாக் குச்சியும் மறைந்துவிட்டன. இடைவெளியும் அவள் வைத்த இடைவெளிதான். பிடுங்கி நட்டவர்கள் கோணல்மாணலாக நட்டிருந்தால் யாரோ விளையாடிவிட்டார்கள் என்று மரியஅந்தோணிக்கு அங்கேயே புரிந்திருக்கும். இது டேப் பிடித்துப் பழகிய கை நட்ட கோடு. அதனால்தான் அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

டேப் பிடித்த கை. இல்லாவிட்டால், கயிறு பிடித்த கை.

தேயிலைக் கன்று நடுவதற்கு மலைச்சரிவில் கயிறு கட்டிக் குச்சி அடிக்கிற வேலை இந்த லயத்தில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். கயிற்றில் முடிச்சுப் போட்டிருப்பார்கள்; முடிச்சுக்கு ஒரு குச்சி. வரிசை கோணினால் கங்காணி வாயில் விழ வேண்டும்.

அவள் திரும்பிக் கொல்லையின் நடுவுக்கு வந்தாள். முன்பு அவள் குச்சி நட்டிருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன முள்ளங்கிப் பாத்திகள். லயத்துக் கொல்லை மண் கறுப்பு. அந்தப் பாத்திகளில் மட்டும் கறுப்புக்கு நடுவே மஞ்சள் கட்டி கட்டியாகக் கிடந்தது. மஞ்சள் மண் இங்கே மேலே கிடைக்காது. இடுப்பளவு ஆழத்துக்குக் கீழேதான் அது இருக்கிறது. குழி தோண்டியவளுக்குத் தெரியும். தோண்டி எடுத்ததை அள்ளி மூடும்போது மேல் மண் கீழேயும் கீழ் மண் மேலேயுமாகிவிட்டது.

விறகுக் கொட்டகையில் அவர்கள் வீட்டு மம்பட்டி சாய்த்து வைத்திருந்தது. தகட்டைத் துடைத்து எண்ணெய் தடவித்தான் வைப்பாள் ஜானகி. ஆனால் காம்பு மாட்டிய வளையத்துக்குள் மஞ்சளாக ஒரு பிசிறு காய்ந்து ஒட்டியிருந்தது.

ஜானகி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தலையில் துண்டு, கையில் தேத்தண்ணி டம்ளர்.

"குடி. ஆறிப்போயிரும்."

"நீயாம்மா?"

"என்னா நானா?"

"குச்சி."

ஜானகி டம்ளரை அடுக்கிய விறகின் மேல் வைத்தாள். "ஆமா. நானும்தான். ரேணுகா, கருப்பம்மா அக்கா, எல்லாரும். மொதக் குச்சியப் புடுங்கினது நானு."

"ஏம்மா? எனக்கு வேலை போயிரும்மா. முதலாளி என்னையத் திருடின்னு நெனைக்கிறாரு."

"நாங்களும்தான் நெனைச்சோம்."

அதை ஜானகி சொன்ன விதத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. மம்பட்டியை மகள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"நீ குச்சி நட்டுட்டுப் போன. அதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் யாரோடது? எங்க பந்தலு, அக்காவோட கோழிக்கூண்டு, ரேணுகாவுக்கு மிச்சம் இருக்கிற எடம், எல்லாம் செவுத்துக்கு வெளியில. செவுத்துக்கு வெளியில இருக்கிறது யாருக்குச் சொந்தம், சொல்லு."

"யாருக்கும் இல்லம்மா. அது இடிஞ்சு விழப் போற மண்ணு."

"இடிஞ்சு விழட்டும். நாளைக்கு அங்க காட்டேஜ் கட்டுறோம், ஓடை தெரியிற ரூமுன்னு தோட்டத்துத் தொரை வந்தா, ஏங்க எங்க கொல்லைன்னா, செவுரு எங்க இருக்கோ அதுவரைக்கும்தான் ஒன்னோடதுன்னு சொல்லுவான். குச்சியக் காட்டுவான். அந்தக் குச்சிய எம் மக நட்டிருப்பா."

பேச்சுச் சத்தத்துக்கு ரேணுகா தன் வீட்டுப் பின்கதவைத் திறந்தாள். கருப்பம்மா கோழிகளை விட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கேட்டுட்டாளா?" என்றாள் ரேணுகா.

"கண்டுபுடிச்சிட்டா," என்றாள் ஜானகி. மகளுக்குப் புத்தி இருப்பதைச் சொல்கிற தொனி கொஞ்சம் தெரிந்தது.

கருப்பம்மா பக்கத்தில் வந்தாள். "கோவிச்சுக்காத புள்ள. சிலோன்லயும் இப்புடித்தான். சிவப்புத் தலை வச்ச குச்சி. டேப்ப புடிச்சாங்க, ரோட்டுக்குன்னாங்க. தோட்டத்த அளந்து வேற ஆளுங்களுக்குப் பிரிச்சுட்டாங்க. மறு வருசம் நாங்க தலைமன்னார்ல கப்பலுக்கு நிக்கிறோம்."

"அது வேற பெரியம்மா."

"எது வேற? குச்சி வேறயா?"

ரஞ்சனி வெளியே மண் நிற்காது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அது அவளை உறுத்தியது. வெளியே மண் நிற்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் குழி தோண்டியது எல்லாம் உள்கோட்டில்தான். வெளியே ஒரு இடத்தில்கூடத் தோண்டிப் பார்க்கவில்லை. பந்தலும் கூண்டும் இருந்ததால் தோண்டவில்லையா? அளக்கப் போவதற்கு முன்னால் மரியஅந்தோணி, "கெட்டி மண்ணு கெடைச்சா கொஞ்சம் உள்ளாறவே தள்ளிப் போட்ரு அம்மிணி, செவுரு சின்னதா முடியும், அவிங்களும் சட்டுனு ஓகே பண்ணுவாங்க" என்று சொன்னாரே, அதனாலா? அவர் விரும்பிய இடத்தில் தோண்டினாள். அங்கே கெட்டி மண் கிடைத்தது. அதோடு போதும் என்று எழுந்துவிட்டாள். இத்தனை தடவை டேப்பை நீட்டிச் சரிபார்த்தவள் அதைச் சரிபார்க்கவில்லை.

"இந்தக் குச்சி நிக்கிற எடத்துல தோண்டிப் பாத்துரலாம்," என்றாள். "மம்பட்டிய எடுங்க. நான் தோண்டுறேன்."

"நீ தோண்டாத," என்றாள் ஜானகி. "நீ தோண்டினா ஒனக்கு வேண்டியதுதான் வரும். நாங்க தோண்டுறோம். நீ தள்ளி நில்லு."

சாப்பிட்டுவிட்டு வேலை ஆரம்பமாயிற்று. கொழுந்தெடுக்கப் போகிற மாதிரியே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். விளிம்பில், அவர்களே நகர்த்தி நட்ட ஒரு குச்சியின் பக்கத்தில், ரேணுகா வெட்ட, ஜானகி அள்ளிப் போட்டாள். கருப்பம்மா கூண்டின் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். மண் சுலபமாக வந்தது. அதுதான் ரஞ்சனிக்குப் பிடிக்கவில்லை. கறுப்பு மண் என்று பேர், பாதி சாம்பல். உடைந்த ஓடு வந்தது, கண்ணாடி வளையல் வந்தது, பற்பசை டியூப், செருப்பு வார், கோழி எலும்பு, எப்போதோ மூடிய பழைய எஸ்டேட் ஆஸ்பத்திரியின் மருந்து பாட்டில்.

"அடியே, இது எங்க மாமியாரோட பவுடர் டப்பாடி," என்றாள் ரேணுகா குழிக்குள்ளிருந்து. "தொலைஞ்சு போச்சுன்னு எம்மேல பழி போட்டுச்சு."

"நீதானே தூக்கிப் போட்ட?"

"அது வேற விசயம்."

கருப்பம்மா சிரித்ததில் கூண்டு ஆடிக் கோழிகள் கத்தின. அந்தச் சிரிப்பு அடங்கியபோது ரேணுகா குழிக்குள் நெஞ்சளவு நின்றிருந்தாள். இன்னும் சாம்பல்தான்.

"அந்த அலவாங்கக் குடு," என்றாள் ஜானகி. கடப்பாறைக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பேர். ரேணுகாவை ஏறச் சொல்லிவிட்டுத் தானே இறங்கிக் குழியின் அடியில் குத்தினாள். கம்பி பிடிமானமில்லாமல் இறங்கியது. மறுபடி குத்தினாள், கைப்பிடி வரை போயிற்று. இழுத்தபோது அந்த ஓட்டையில் கலங்கலாகத் தண்ணீர் ஊறி வந்தது.

ஜானகி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழைக்காலமே இன்னும் தொடங்கவில்லை.

"எல்லாம் நம்ம அடுப்புச் சாம்பலு," என்றாள் கருப்பம்மா மெதுவாக. "வந்த நாள்லேர்ந்து கொட்டுறோம்ல."

ரஞ்சனிக்கு ஜெயித்தது போல இருந்திருக்க வேண்டும். இல்லை. உள்கோட்டில் கெட்டி மண் இருக்கிறது, விளிம்பில் இல்லை. நடுவில்?

"அம்மா, பந்தலுக்கு அடியில ஒண்ணு தோண்டணும்."

"எதுக்கு? நீ சொன்னதுதான் சரியாப் போச்சே."

"நான் அங்க தோண்டவே இல்லம்மா. பாக்காமலே சொல்லிட்டேன்."

ஜானகி குழியிலிருந்து ஏறி வந்து மகளை நிமிர்ந்து பார்த்தாள். இதில் என்ன சூது இருக்கிறது என்று தேடுகிற பார்வை. பிறகு அரிவாளை எடுத்துப் பந்தலின் ஒரு பக்கக் கொடியை அறுத்துச் சுருட்டினாள். பிஞ்சுகளைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் தானே வெட்டினாள். கறுப்பு வந்தது, பிறகு கறுப்பும் மஞ்சளும் கலந்து வந்தது. இடுப்புக்கு மேலே குழி இறங்கியபோது மம்பட்டி கிறீச்சிட்டது. அலவாங்கைக் குத்தினாள். ணங்கென்று திருப்பி அடித்தது. இன்னொரு மூலையில் குத்தினாள். அங்கேயும் ணங்.

ரஞ்சனி இறங்கி அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தாள். உள்கோட்டில் பார்த்த அதே மஞ்சள், அதே கெட்டி. சுவர் இங்கே நிற்கும். அவள் போட்டதைவிட ஒரு ஆள் கிடக்கிற அளவுக்கு வெளியே நிற்கும். பந்தலில் பாதி பிழைக்கும். ரேணுகாவுக்குக் குளியலறை கட்ட இடம் வரும். கருப்பம்மாவின் கூண்டு மட்டும் பெயர்ந்தாக வேண்டும்.

"அப்ப நீ உள்ள நட்டதும் தப்பு," என்றாள் ரேணுகா.

"தப்புதான் அக்கா."

"தப்பா, தப்புன்னு தெரிஞ்சே பண்ணதா?"

"தெரியல அக்கா," என்றாள் ரஞ்சனி. அது உண்மை. அந்த உண்மையை ரேணுகா நம்பவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துப் பக்கம் போய் நின்று மரியஅந்தோணிக்குப் போன் போட்டாள். சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல. தட்டுச் சத்தம் கேட்டது. நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.

"யாரு புடுங்கினதுன்னு தெரிஞ்சுதா?"

"எங்கம்மா சார்."

தட்டுச் சத்தம் நின்றது. "எனக்கு டீ குடுத்தாங்களே, அவிங்களா?"

"ஆமாங்க."

"நான் குச்சி குச்சியா அளக்கறதைப் பாத்துட்டே நின்னாங்க. சீனி போதுங்களான்னு வேற கேட்டாங்க."

ரஞ்சனி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி. அவிங்க வெளிய நட்டது தப்பு. நீ உள்ள நட்டதும் தப்புங்கறே. இப்ப நடுவுல போடணுங்கறே. ஏனம்மிணி, இது எஸ்டிமேட்டா, பஞ்சாயத்தா?"

"நடுவுல கெட்டி மண்ணு இருக்குதுங்க சார். உள்ளாற தள்ளிப் போடுன்னு நீங்க சொன்னீங்க. நானும் வெளிய தோண்டிப் பாக்கல."

அந்தப் பக்கம் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லியாயிற்று.

"நான் சொன்னேன்தான்," என்றார் கடைசியில். "அதை அவிங்ககிட்டச் சொன்னியா?"

"இல்லைங்க."

"குழி ரெண்டையும் மூட வேண்டாம்னு சொல்லு. நாளைக்குக் காலையில நானே வர்றேன். கடப்பாறை நானே கொண்டாறேன், உங்கூட்டுது வேண்டாம். புதுக் கோட்டுக்கு அளவு எடுத்துத் தாளை எழுதி வை. உம்பேரு மட்டும் போடாதே. நான் பாத்தப்பறம் யாரு பேரு போடறதுன்னு பாக்கலாம்."

அவள் இறங்கி வந்தபோது பனி கொல்லைக்குள் பாதி ஏறிவிட்டது. பெண்கள் கை கால் கழுவிவிட்டுத் தேத்தண்ணியோடு நின்றிருந்தார்கள். தங்கவேலு மப்ளரோடு பின்கதவில் நின்று குழிகளை எட்டிப் பார்த்தார். அட்டையை நினைத்து வாசற்படியைத் தாண்டவில்லை.

"என்னா சொன்னாரு?" என்றாள் ஜானகி.

"நாளைக்கு வந்து பாக்கிறேன்னாரு. குழிய மூடக் கூடாதாம்."

"ஒன்னைய வச்சுக்குவாரா?"

"தெரியலம்மா. அளவு எடுத்து வைக்கச் சொன்னாரு."

குச்சிகளை அவளே பிடுங்கிக்கொண்டு வந்தாள். பந்தலுக்கு அடியில் வெட்டிய குழியை ஒட்டி முதல் குச்சியை அடித்தாள். பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒச்சப்பன் இல்லை. மறுமுனையைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை. ரேணுகா தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தாள். கருப்பம்மா கோழிகளைக் கூண்டுக்குள் விரட்டுவதில் மும்முரமாக இருந்தாள், சுவர் வந்தால் பெயரப் போகிற கூண்டுக்குள்.

ஜானகி டம்ளரைக் கீழே வைத்தாள். "குடு."

முனையைப் பிடித்துக்கொண்டு வீட்டுச் சுவரின் மூலைக்குப் போனாள். அங்கே அடித்திருந்த ஆணியில் வைத்தாள். ரஞ்சனி டேப்பை இழுத்துக்கொண்டு குச்சி வரைக்கும் வந்து, குனிந்து படித்தாள். அவள் மனதில் போட்டு வைத்திருந்ததைவிட ஒரு சாண் கூடுதலாக இருந்தது. மறுபடி இழுத்துப் பார்த்தாள். அதேதான். நடுவே பனி இறங்கியிருந்தது. அம்மாவின் உருவம் தெரிந்தது, கை தெரியவில்லை.

"அம்மா, ஆணியில சரியாப் புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

ரஞ்சனி டேப்பின் மேல் ஒரு கல்லை வைத்தாள். எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு மறுபடி எழுந்தாள்.

"சந்தேகமா இருந்தா வந்து பாத்துக்க," என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவள் போனாள். ஜானகி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். டேப்பின் முனை ஆணியின் மேல், பூஜ்ஜியம் ஆணித் தலையின் நடுவில், அவள் கட்டைவிரல் நகம் அதன் மேல் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுந்தியிருந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ரஞ்சனி மனதில் போட்டதுதான் தப்பு.

"சரியாத்தாம்மா இருக்கு."

"ம்." ஜானகி எழுந்தாள். விரலை உதறிக்கொண்டாள். "இந்தா, இதை இப்புடியே புடிச்சுக்க. விட்றாத."

"எங்கம்மா போற?"

"நீ அளவு படிச்ச பக்கம். அதையும் பாத்துரலாம்," என்றாள் ஜானகி. படங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டேப்பை ஒட்டியே பனிக்குள் இறங்கிப் போனாள்.